வாளிப் பாட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

சில்வண்டு எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு உன் நலம், உன் முழங்காலின் நலம், பின்கட்டில் ஒழுகும் குழாயின் நலம் எல்லாம் அறிய ஆவல்.

முதலில் சண்டை. போன மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா புதிதாக வாங்கிய போனுக்குக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் பாவம் அவர் போய் உன் கதவைத் தட்டிவிட்டு வந்து, "அண்ணன் இல்லம்மா, வெளிய போயிருக்காருபோல" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ எந்த ராஜ்ஜியத்தை ஆளப் போகிறாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கடிகாரக்காரர் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். கடிகாரம் பழுது பார்த்து வாழ்ந்தவர். மனைவி போய் நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து "வேண்டாம்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு பேசுவதில்லை. போன வாரம் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டும்போது என்னையறியாமல் உன் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன்.

வாளியிலே நிலா இருக்கு
வந்து பாரு சில்வண்டே
தண்ணி மொண்டா உடைஞ்சு போகும்
தாகம் பொறுத்து உட்காரு

திடீரென்று அவர் கையை இழுத்துக்கொண்டார். சதையோடு வெட்டிவிட்டேனோ என்று பயந்து நிமிர்ந்தால், மனிதர் அழுதுகொண்டிருக்கிறார். நம் மொழியில் அவருக்கு ஒரு சொல் தெரியாது அண்ணா. விரலால் சைகை காட்டி மறுபடி பாடச் சொன்னார். அதற்குள் பக்கத்துக் கட்டில், அடுத்த கட்டில் என்று எல்லோரும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது மேட்ரன் சட்டமே போட்டுவிட்டார். "சாப்பாட்டுக்கு முன்னாடி பாடாத. யாரும் தட்டைத் தொட மாட்டேங்கிறாங்க. அப்புறமாப் பாடு."

யார் கட்டிய பாட்டு என்று மேட்ரன் கேட்டார். "எங்கண்ணன். டப்பா மூடி அடிக்கிற ஆலையில பிரஸ் ஓட்டுறான்" என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கையே இல்லை. அம்மா இறந்த வாரம், எனக்கு ஆறு வயது, உனக்குப் பதினாறு. என் பள்ளிச் சட்டையைத் துவைத்தபடி, நான் அழுகையை நிறுத்தட்டும் என்று நீ கட்டிய பாட்டு. நான் இன்னும் ஓங்கி அழுதேன். பாட்டுக் கட்டியவருக்கு அன்றே படுதோல்வி.

இந்தப் பாட்டைக் கேசட்டில் பதிந்து அனுப்பப் போகிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. உங்கள் ஆலையின் ஆண்டு விழாவில் நான் இதைப் பாடினேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நீ பாதியில் எழுந்து போனாய். ஏன் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அடுத்த மாதமே இந்த வேலையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு வருடமாயிற்று, ஊர்ப் பக்கம் வரவே இல்லை. காரணம் கேட்டு இப்போதும் எழுதவில்லை. இந்தத் தடவை முழுசாகக் கேள். எனக்கு அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தங்கை,
சில்வண்டு


பிப்ரவரி 21

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசிகள். நீ நலம் என்று படித்து நிம்மதி. இங்கு முழங்கால் பரவாயில்லை. குழாய் ஒழுகுவது நின்றுவிட்டதென்றே நினைத்திருந்தேன். நேற்றுப் போய்ப் பார்த்தால் பின்கட்டு முழுக்கத் தண்ணீர். புது வாஷர் போட்டாயிற்று.

ஒரு சேதி. இப்போது நான் பிரஸ்ஸில் இல்லை. இருபத்தெட்டு வருடம் மூடி அடித்தது போதும் என்று நானாகக் கேட்டு, மூடிகளை அடுக்கிப் பெட்டியில் போடும் பிரிவுக்கு மாறிக்கொண்டேன். உட்கார்ந்த இடத்தில் வேலை. நூறு நூறாக அடுக்கிக் காகிதம் சுற்ற வேண்டும். மூலையில் தனி மேசை. பேச்சுக்கு ஆள் கிடையாது. அதுவும் ஒரு நிம்மதிதான்.

போனில் என்னம்மா இருக்கிறது? நலமா, நலம், மழை உண்டா, இல்லை, வைக்கட்டுமா, வை. கடிதமென்றால் இரண்டு தடவை படிக்கலாம். உன் கடிதங்களை நான் இரண்டு தடவையோடு நிறுத்துவதில்லை.

கடிகாரக்காரரை நினைத்துக்கொண்டே இருந்தேன். அவரிடம் என் வணக்கத்தைச் சொல். கேசட்டை அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு. உன் எலும்பை எண்ணும் வேலை எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். கேசட் இத்துடன் வருகிறது. இல்லத்தின் கேசட், மேலே இல்லத்தின் சீட்டு ஒட்டியிருக்கும், கண்டுகொள்ளாதே.

பதிந்தது எங்கே தெரியுமா? கம்பளி அடுக்கும் அறையில். அங்கேதான் எதிரொலி இல்லை. கம்பளிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு, மேட்ரனின் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பாடினேன். நான்கு தடவை தும்மல். ஐந்தாம் தடவைதான் ஒழுங்காக வந்தது.

மூலை மேசை என்று எழுதியிருந்தாய். ஊர் வம்பு பேசாமல் உனக்கு ஒரு வாய் சோறு இறங்காதே. இப்போது பேச ஆளில்லாதது நிம்மதி என்கிறாயே, ஏதாவது மனக்கஷ்டமா? இருந்தால் எழுது.

எந்த இடத்தில் உனக்குக் கண் கலங்கியது என்று எழுத வேண்டும். கலங்கவில்லையென்றால் அதையும் எழுது. அடிக்க வரமாட்டேன்.

சில்வண்டு


ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். நான் சௌக்கியம். மனக்கஷ்டம் எல்லாம் ஒன்றுமில்லை, கண்டதையும் கற்பனை செய்யாதே.

கேசட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திவிட்டு முழுவதும் போட்டேன். என்னவென்று எழுதுவேன்! தேன்தான். அந்த நாளைவிட உன் குரல் இன்னும் கனிந்திருக்கிறது. "தாகம் பொறுத்து உட்காரு" என்று நீ இழுத்த இடத்தில் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நான்கு வரியில் உன் குரல் தழுதழுத்தது பார், அங்கே என்னால் முடியவில்லை. சின்னப் பிள்ளைபோல அழுதேன். தையல்காரம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இந்தத் தடவை முழுசாகக் கேட்டுவிட்டேன் அம்மா. போதுமா?

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை.

இல்லத்தில் தினமும் பத்து மணிக்குப் பெரியவர்களுக்கு உடற்பயிற்சி. அதற்கு ஒரு கேசட் உண்டு. போன வருடம் நான்தான் பேசிப் பதிந்தேன். என் குரல் பெட்டியிலிருந்து எண்ணினால், தடுமாறுகிறவர்களை நான் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். கூடத்தில் தரை மாற்றும் வேலை நடந்ததால் மார்ச் தொடக்கத்திலிருந்து பயிற்சி நின்றிருந்தது. நேற்றுத்தான் மறுபடி தொடங்கினோம். இருபத்திரண்டு பேரும் வரிசையாக நின்று கையைத் தூக்கிக்கொண்டு தயாராக இருந்தார்கள். நான் கேசட்டைப் போட்டேன்.

போன நிலா நாளை வரும்
போனவங்க வரமாட்டாங்க
வாளி நிறைய வெளிச்சம் இருக்கு
வாரிக் குடி, அழாதே

மார்ச்சில் பதிந்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு நான் பாதியில் நிறுத்தியிருக்கிறேன் போலிருக்கிறது, பாட்டின் பின்பாதி ஓடியது. தூக்கிய கையை யாரும் இறக்கவில்லை. அப்படியே நின்று அழுதார்கள். கடிகாரக்காரர் மட்டும் கையை இறக்கி முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் கேசட் பெட்டியைப் பார்த்தபடி நின்றேன். இரண்டும் ஒரே மாதிரிக் கேசட், ஒரே மாதிரிச் சீட்டு. பாட்டு இங்கே இருக்கிறதென்றால் உனக்கு நான் அனுப்பியது எது?

அது எது என்று நானே சொல்கிறேன். "வலது கையை மேலே தூக்கவும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மெதுவாக இறக்கவும். மூச்சு விடவும்." அரை மணி நேரமும் அதுதான். அதுவும் இந்த ஊர் மொழியில்.

எந்த இடத்தில் என் குரல் தழுதழுத்தது அண்ணா? இடது காலை மடக்கச் சொன்ன இடத்திலா? தையல்காரம்மா கண்ணைத் துடைத்தாரே, எத்தனையாவது எண்ணிக்கையில்?

கேசட்டை நீ பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. எடுக்காமலே தேன், கனி என்று எழுதியிருக்கிறாய். கண் கலங்கவில்லை என்று எழுதியிருந்தால்கூடச் சிரித்துக்கொண்டிருப்பேன். எட்டு வருடம் முன்னால் பாதியில் எழுந்து போனாய். இந்தத் தடவை நீ உட்காரவே இல்லை.

இனி எழுத மாட்டேன்.


மே 6

அன்புத் தங்கைக்கு,

நீ நலமா? உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிடுகிறேன்.

தப்பு என்மேல்தான். பெட்டிகளைக் கட்டும் அவசரத்தில் எதையோ கேட்டு, எதையோ நினைத்து, எதையோ எழுதிவிட்டேன். பெரிய மனசு பண்ணி அண்ணனை மன்னித்துவிடு. பாட்டுக் கேசட்டை அனுப்பு.

அண்ணன்


ஜூன் 17

அன்புத் தங்கைக்கு,

பதில் இல்லை. கேசட் கேட்டது தப்பு, அனுப்ப வேண்டாம். நீ நலம் என்று ஒரே வரி எழுதினால் போதும். வெறும் உறையில் உன் கையெழுத்தில் என் முகவரி மட்டும் வந்தால்கூட நலம் என்று எடுத்துக்கொள்வேன்.

நேற்றுத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். உன் இல்லத்தின் எண்ணைச் சீட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். போன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வந்துவிட்டேன்.

வீட்டில் நான் ஒரு ஆள்தான். ஆனாலும் சாப்பிட உட்காரும்போது இன்னொரு தட்டை எடுத்துவிடுகிறேன். கை அப்படிப் பழகிவிட்டது.

அண்ணன்


ஜூலை 20

சில்வண்டு,

நீ நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி இத்தனை நாள் எழுதியதில் பாதி பொய். இன்று பொய் இல்லாமல் எழுதுகிறேன்.

எனக்குக் காது கேட்காது.

பிரஸ் தின்றுவிட்டது. முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. பால் குக்கரின் விசில் போனது, கதவு தட்டும் சத்தம் போனது. எனக்குத் தெரியாமலே போய்க்கொண்டிருந்தது. மூடி சரியாக விழுகிறதா என்று இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தெரிந்துகொண்டேன், அதனால் வேலையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆண்டு விழாவில் நீ மேடையேறினாய். மேளச் சத்தம் எங்கோ தூரத்தில் இடிப்பதுபோல வந்தது. நீ வாயைத் திறந்தாய். ஒன்றும் வரவில்லை. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். யாரையாவது கூப்பிட்டுச் சரி செய்யச் சொல்லலாம் என்று பின்னால் திரும்பினேன். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத எங்கள் மேஸ்திரி, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மைக் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்போது புரிந்தது.

எழுந்து போய் சைக்கிள் கொட்டகையில் நின்றேன். ஒரு சைக்கிள் மணியைக் காதோடு வைத்து அடித்துப் பார்த்தேன். அடுத்த சைக்கிள், அதற்கடுத்த சைக்கிள் என்று வரிசையில் இருந்த அத்தனை மணியையும் அடித்தேன். உன் பாட்டு முடிந்து ஜனங்கள் வெளியே வரும்வரை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அடுத்த வாரம் உனக்கு வேலை உத்தரவு வந்தது. சொன்னால் நீ போகமாட்டாய். எனக்காக இந்த வீட்டில் உட்கார்ந்து, தட்டுகிறவர்களுக்குக் கதவு திறந்துகொண்டிருப்பாய். உன்னை அதற்கா வளர்த்தேன்? நீ கோபமாகப் போனால் போய்விடுவாய் என்று தெரியும். அதனால் கோபத்தோடே போகவிட்டேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு வருடம் போனது, வெட்கமாகிவிட்டது. இரண்டு வருடம் போனது, பயமாகிவிட்டது. பிறகு பழகிவிட்டது. டாக்டரிடமும் போனேன். கருவி வைத்தால் இரைச்சல்தான் பெரிதாகிறது, பேச்சு பிரிவதில்லை.

பிரஸ்ஸை விட்டு நானாக மாறவில்லை. ஒரு நாள் மேஸ்திரி பின்னாலிருந்து கத்தியிருக்கிறார். தகடு சிக்கிக்கொண்டது, கையை எடு என்று. நான் எடுக்கவில்லை. அவர் ஓடிவந்து இழுத்தார். விரல் தப்பியது. மறுநாள் மூலை மேசை. மதிய வேளையில் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி. அதற்காகவும் ஒரு தடவை சிரிப்பார்கள்.

இப்போது கேசட். நீ நினைத்ததுபோல நான் அதை எடுக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திவிட்டு டேப் ரெக்கார்டரை மேசையில் வைத்துப் போட்டேன். ஒலியை முழுக்கத் திருப்பினேன். காதை அதன்மேல் வைத்தேன். ஒன்றும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து அதன் மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே இரண்டு சக்கரமும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் குறைந்தது, ஒரு பக்கம் கூடியது. என் தங்கை இதற்குள் பேசிக்கொண்டிருக்கிறாள், பெருமூச்சு விடுகிறாள், பாடுகிறாள், எனக்கு இரண்டு சாண் தூரத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தது. சக்கரம் நிற்கும்வரை பார்த்தேன். திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தேன்.

பாட்டைக் கேட்டேன் என்று எழுதியது பொய். அழுதேன் என்று எழுதியது பொய் இல்லை.

தையல்காரம்மா அழுததும் பொய்தான். அவரைக் கூப்பிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் போதும், ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். கேட்டால் என் காது தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை. போன வாரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, வெட்டும் மேசைமேல் எழுதிக் காட்டினார். "ரெண்டு வருஷமா தெரியும். தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.

நீ எழுதவில்லை என்றாலும் நான் எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கு இருக்கும் பேச்சு இது ஒன்றுதான்.

அண்ணன்


ஆகஸ்ட் 1

அண்ணா,

நலமா என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

கடிதத்தைப் படித்துவிட்டுக் கம்பளி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மேட்ரன் வந்து தட்டினார். தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது அண்ணா. அதைக் கேட்டே இன்னும் அழுதேன்.

விஷயம் தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல், நீ வெளியே போயிருப்பதாகச் சொன்ன தையல்காரம்மாவையும், உள்ளே உட்கார்ந்திருந்த உன்னையும் நினைத்துப் பார்க்கிறேன். எட்டு வருடம் உன்மேல் கோபத்தை ஊட்டி வளர்த்திருக்கிறேன். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

பதினைந்து நாள் விடுப்புக் கேட்டேன். மேட்ரன், "ஒரு மாசம் எடுத்துக்க" என்றார். பதினெட்டாம் தேதி புறப்படுகிறேன். கேசட் கொண்டு வரவில்லை.

உன் சில்வண்டு


ஆகஸ்ட் 19
(ஒரே தாள். அவன் கையெழுத்தும் அவள் கையெழுத்தும் மாறி மாறி.)

— அண்ணா, போதும். இன்னொரு கரண்டி வச்சா எழுந்து ஓடிடுவேன். இனிமே நீயும் எழுதியே பேசு. நீ வாயத் தொறந்தா தெருவே திரும்பிப் பாக்குது.

— என் சத்தம் எனக்குத் தெரியலம்மா. சரி, எழுதறேன். இளைச்சுட்ட.

— நீயுந்தான். ஏண்ணா, அன்னிக்கு என்கிட்ட சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்னு நினைச்சியா?

— போயிருப்பியா?

— மாட்டேன்.

— அப்புறம் என்ன கேள்வி, சில்வண்டு?

— பாடட்டுமா?

— பாடு. இரு, ஜன்னலத் தொறக்கறேன், முகம் நல்லாத் தெரியணும். மெதுவாப் பாடு. வாய் அசையறத வச்சு எந்த வரின்னு கண்டுபிடிச்சுடுவேன். நான் கட்டின பாட்டுதானே.

— ஏன் நிறுத்திட்ட சில்வண்டு? நாலு வரிதானே ஆச்சு. இந்தப் பக்கம் திரும்பு. ஏன் மூஞ்சிய மூடிக்கற?

— முடியலண்ணா. இருபத்திரண்டு பேர் முன்னாடி பாடுறேன். உன் ஒருத்தன் முன்னாடி வரல.

— சரி, அழாத. மிச்சத்த நான் பாடறேன். பாடி எத்தனையோ வருஷமாச்சு. தெரு திரும்பிப் பாத்தாப் பாத்துட்டுப் போகட்டும்.

— அண்ணா, நீ கண்ண மூடிட்டுப் பாடிட்டிருக்க. தொறந்ததும் படிக்கறதுக்காக எழுதறேன். தையல்காரம்மா மிஷின நிறுத்திட்டு நம்ம வாசல்ல வந்து நிக்கறாங்க. நிஜமாவே கண்ணத் தொடைக்கறாங்க. ஒரு வரிகூட சுருதி சேரல அண்ணா. நிறுத்தாத.